பெயர் போடாத விடைத்தாள்கள்

இந்த மே மாதமும் எங்கள் கல்லூரியில் ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிற்சி நடக்கிறது. இப்போது சொல்லித் தருவது செயற்கை நுண்ணறிவாம். நடத்துபவள் கோகிலா. நான் ஓய்வு பெற்றதும் கணினித் துறையில் என் நாற்காலிக்கு வந்தவள். போன வாரம் போனில் அழாத குறையாகப் பேசினாள்.

"மேடம், பசங்களுக்கு வேணா நாள் பூரா சொல்லித் தரலாம்ங்க. இவங்களுக்கு முடியாது. ஒருத்தர்கூட டவுட் கேக்க மாட்டேங்கறாங்க. எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டறாங்க. கிட்டப் போய்ப் பாத்தா ஸ்கிரீன்ல ஒன்னுமே இல்ல. நீங்க எப்பிடிங்க மேடம் சமாளிச்சீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமாளித்தது நானல்ல, வையாபுரி சார். அந்தக் கதையைப் போனில் சொன்னால் பாதியில் சிக்னல் போய்விடும், எழுதியே அனுப்புகிறேன் என்றேன்.

என் ஆரம்ப காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. தருமபுரி கடைவீதியில் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பாத்திரக் கடை. நான் கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்தேன். தினமும் பஸ் பிடித்துச் சேலம் போய்க் கணினியில் ஒரு பட்டயம் வாங்கினேன். எங்கள் கல்லூரியில் கணினித் துறை தொடங்கியபோது விண்ணப்பம் போட்டேன், வேலை கிடைத்தது. அத்தா கடையில் எல்லோருக்கும் அல்வா கொடுத்தார். அவ்வளவுதான்.

கோடைப் பயிற்சி வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. சுற்றுவட்டாரக் கல்லூரி ஆசிரியர்கள் எல்லோரும் கணினி பழக வேண்டும், பயிற்சிச் சான்றிதழ் இருந்தால்தான் பதவி உயர்வு என்று உத்தரவு வந்தது. அதுவரை கணினி அறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் மே மாத வெயிலில் வந்து இறங்கினார்கள். தமிழ், தாவரவியல், பொருளாதாரம், வேதியியல் என்று முப்பது பேர் இருப்பார்கள்.

கோகிலா, ஒன்றைத் தெரிந்துகொள். வாத்தியாரை மாணவர் நாற்காலியில் உட்கார வைத்தால் அரைமணி நேரத்தில் மாணவராகிவிடுவார். முதல் நாளே கடைசி வரிசைக்குத் தள்ளுமுள்ளு. இரண்டாம் நாள் ஒரு பொருளாதாரப் பேராசிரியர், வராத நண்பருக்காகக் குரலை மாற்றி "உள்ளேன் ஐயா" சொன்னார். பாலக்கோட்டிலிருந்து வரும் வேதியியல் சரோஜா மேடம் தாமதமாக வரும் நாளெல்லாம் தக்காளி லாரி வழியை மறித்ததாகச் சொல்வார். மார்க்கெட் லீவு நாளிலும் மறித்தது. ஆனால் மாம்பழக் கூடையோடு வருவார் என்பதால் யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

வையாபுரி சார் இயற்பியல் துறைத் தலைவர், பயிற்சிக்கு ஒருங்கிணைப்பாளர். நெடுநெடுவென்று உயரம். எப்போதும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தப்பாகச் செய்தால், "நல்லது. வேற மாதிரி செஞ்சா என்ன ஆகுதுன்னும் பாத்துடுவோமா?" என்பார். திட்டு வாங்கியிருக்கிறோம் என்பதே பலருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் புரியும்.

பயிற்சி தொடங்குவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு சட்டம் போட்டார்.

"நசீமா, பயிற்சிக்கு வர்றவங்க மவுஸ நீ தொடக்கூடாது. கீபோர்டையும் தொடக்கூடாது. தொட்டா அன்னிக்கு எல்லாருக்கும் உன் செலவுல பஜ்ஜி."

"ஏன் சார், ஒரு க்ளிக்தானே?"

"நீ க்ளிக் பண்ணா நீதான் கத்துக்குவ. உனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே?"

கேட்க எளிதாக இருந்தது. செய்து பார்த்தால்தான் தெரியும் அந்த அவஸ்தை. ஒருவர் திரை முழுக்க அம்பைத் தேடிக்கொண்டிருப்பார்; அது அவர் மூக்குக்கு நேரே இருக்கும். நம் கை தானாகப் பாயும். அதனால்தான் சார் கையைக் கட்டிக்கொண்டு நடக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நானும் கட்டிக்கொண்டேன். இடது தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். வலது பக்கம் நின்றால் மவுஸ் மீது ஆசை வரும். "அங்கே", "இங்கே" என்று சொல்லக் கூடாது. "மேலே இடது மூலை" என்று சொல்ல வேண்டும். சொன்னபின் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவர் திரும்பி நம் முகத்தைப் பார்த்தால் பதில் சொல்லாமல், "ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குங்க, படிங்க" என்று கேட்க வேண்டும். முதல் வாரம் முழுக்கப் பேருந்து நிலையத்து பஜ்ஜிக் கடைக்காரர் என்னைக் கண்டாலே கூடுதலாக மாவு கரைத்தார்.

இனி மாதையன் சார்.

கடத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வேறொரு கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். வெள்ளை முழுக்கைச் சட்டை, வெண்கலக் குரல். அவர் வகுப்புக்குப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் காது கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பல்கலைக்கழகத் தேர்வுகளுக்குப் பல வருடம் முதன்மைக் கண்காணிப்பாளராக இருந்தவர். அவர் நுழைந்தால் தேர்வு அறையில் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றும் என்று அவர்கள் கல்லூரிக்காரர்களே சொல்வார்கள்.

அப்படிப்பட்டவர் கணினி முன் உட்கார்ந்ததும் உறைந்துபோனார். மவுஸ் மேல் கையை வைப்பார், எடுப்பார், கைக்குட்டையால் துடைப்பார். ஏ.சி. அறையில் நெற்றி வியர்க்கும். பிறகு பக்கத்து நாற்காலிக்காரரிடம் மெல்லச் சாய்ந்து, "நீங்க அழுத்துங்க, நான் பாத்துக்கறேன்" என்பார். முதல் வாரம் முடிந்தபோது எல்லோரும் மதிப்பெண் பட்டியல் போட்டுக் கூட்டல் வரை வந்துவிட்டார்கள். மாதையன் சார் இன்னும் பட்டியலைத் திறக்கவில்லை.

ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், எனக்கு இது வராதுன்னு நெனக்கறேங்க."

"வரும் சார். அவசரம் இல்ல."

"அவசரம் இருக்குங்களே. அடுத்த மாசம் இன்டர்வியூ. சர்டிபிகேட் இல்லன்னா கூப்பிடவே மாட்டாங்க." கைக்குட்டையை மடித்தார். "ஆவணியில பொண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகையில என் பேருக்குக் கீழ இணைப் பேராசிரியர்னு போடணும்ங்க. மாப்பிள்ளை வூட்ல ஒன்னும் கேக்கல. எனக்குத்தான் ஆசை. எல்.கே.ஜி.யில இருந்து அப்பா வேலைன்னு கேட்ட எடத்துலயெல்லாம் உதவிப் பேராசிரியர்னே எழுதிட்டு வந்துச்சுங்க அந்தப் பொண்ணு. கடைசியா ஒரு தடவ மாத்திப் போடலாமேன்னு பாக்கறேன்."

நேரே போய் வையாபுரி சாரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகக் கணினி அறையைப் பார்த்தார். மாதையன் சார் இப்போது எழுந்து நின்றிருந்தார். நின்றதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. மணி அடித்துத் திரும்பி வந்த தாவரவியல்காரரிடம் கையை நீட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"இவரு உக்காந்து பாடம் கேட்டு எத்தன வருசம் இருக்கும்?" என்றார் வையாபுரி சார்.

"முப்பது வருசம் இருக்கும் சார்."

"அப்ப உக்கார வெக்கறதுதான் நாம பண்ற தப்பு. நாளைக்கு அவரையே கிளாஸ் எடுக்கச் சொல்லு."

நான் பதறினேன். திறக்கவே தெரியாதவர் எப்படி வகுப்பு எடுப்பார்? "தெரியாத பாடத்தை நாம எடுத்ததே இல்லியா நசீமா? முந்தின நாள் சாயங்காலம் படிச்சிட்டு வந்து எடுப்போம்ல? அதேதான்" என்றார்.

அதேதான் நடந்தது. அன்று மாலை மாதையன் சார் என்னைத் துளைத்தெடுத்தார். மறுநாள் முன்மேசைக் கணினியில், நின்றபடி, மற்றவர்களுக்குப் பாடம் நடத்தினார். வாய் பேசப் பேசக் கை தானாக ஓடியது! "இப்ப நாம பட்டியலைத் திறக்கறோம். ஏன் திறக்கறோம்? காரணங்கள் மூன்று" என்று வரலாற்றுப் பாடமாகவே நடத்தினார். எதிரில் எல்லோரும் குறிப்பு எடுத்தார்கள். வாத்தியார் சொல்ல வாத்தியார்கள் எழுதினார்கள். அந்த வாரம் தினமும் ஒரு மணி நேரம் அவருக்கென்று ஆனது. உட்கார்ந்தால் மட்டும் பழையபடி வியர்க்கும்.

தேர்வுக்கு முந்தின நாள் பாடம், விடையைச் சேமித்து ஒப்படைப்பது எப்படி என்பது. எல்லாக் கணினியிலிருந்தும் விடைகள் என் கணினிக்குத்தான் வந்து சேரும்; அதில் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி அடைவு, அதாவது ஃபோல்டர், செய்து வைத்திருந்தேன். மாதையன் சாரிடம் காட்டியும் இருந்தேன். வகுப்பின் நடுவில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர்காரரோடு நானும் வையாபுரி சாரும் வெளியே மல்லுக்கட்டப் போய்விட்டோம். யு.பி.எஸ். தயவில் வகுப்பு தொடர்ந்தது. திரும்பி வந்தபோது எல்லோரும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு ஒழுங்கு என்று நாங்கள் பூரித்துப்போனோம்.

மறுநாள் காலை தேர்வு. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அம்மா தேர்வாளராக வந்திருந்தார், கறாரானவர். ஒரு வகுப்பின் மதிப்பெண் பட்டியலைப் போட்டு, கூட்டி, சராசரி கண்டு, சேமித்துவிட்டுப் போக வேண்டும். மாதையன் சார் அன்று எல்லோரையும் போல உட்கார்ந்துதான் எழுதினார். முணுமுணுத்துக்கொண்டே கஷ்டப்பட்டு முடித்தார். முதலில் முடித்தவர் சரோஜா மேடம். கடைசியில் முடித்தவர் அவர். எல்லோரும் சொல்லிக் கொடுத்தபடி கணினியை முறையாக நிறுத்தி, உறை போட்டு மூடி, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு பிரியாணிக்குப் போனார்கள்.

தேர்வாளர் அம்மா என் கணினியில் உட்கார்ந்தார். நான் செய்து வைத்த தனி அடைவுகளைத் திறந்தேன். காலி. எல்லாமே காலி. வெளியே பொது இடத்தில் ஒரே ஒரு கோப்பு கிடந்தது. பெயர்: விடைத்தாள்.

முப்பது பேர் எழுதிய தேர்வில் ஒரு விடைத்தாள்.

பிரியாணிப் பந்தியில் இருந்த சரோஜா மேடத்திடம் குறிப்பை வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மாதையன் சார் முந்தின நாள் இப்படிச் சொல்லியிருக்கிறார்: விடைத்தாளில் மாணவர் பெயர் இருக்கக் கூடாது என்பது தேர்வு விதி. ஆகவே கோப்புக்கு யாரும் தன் பெயரை வைக்கக் கூடாது. எல்லோரும் 'விடைத்தாள்' என்றே வைக்க வேண்டும். விடைத்தாள்களை ஒரே கட்டாகக் கட்டித்தான் அனுப்புவோம், ஆகவே தனித்தனி அடைவு கூடாது. எல்லாம் ஒரே இடத்தில். கணினி ஏதாவது கேட்டால் 'ஆம்' என்று அழுத்த வேண்டும்.

கணினி ஒவ்வொருவரிடமும் முறையாகக் கேட்டிருக்கிறது: இதே பெயரில் ஒன்று இருக்கிறது, அதை அழித்துவிட்டு இதை வைக்கவா? ஒவ்வொருவரும் 'ஆம்' சொல்லியிருக்கிறார்கள். சரோஜா மேடத்தின் விடையைத் தாவரவியல் அழித்தது. தாவரவியலைத் தமிழ் அழித்தது. வேறு எந்தக் கூட்டத்திலாவது ஒரு ஆளாவது தன் பெயரைப் போட்டிருப்பார். இவர்கள் கல்லூரி ஆசிரியர்கள். தேர்வு விதி என்று சொன்ன பிறகு பெயர் போடுவார்களா?

மிஞ்சியது யாருடைய விடை என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பட்டியலில் மாணவர் பெயர்களுக்குப் பதில் அரசர்கள் வரிசையாக இருந்தார்கள். எங்கள் தருமபுரியின் பழைய பெயர் தகடூர்; அதை ஆண்ட அதியமானுக்கு எல்லாப் பாடத்திலும் தொண்ணூறுக்கு மேல். தகடூர் மீது படையெடுத்து வந்த சேரனுக்கு மூன்று பாடத்தில் ஃபெயில். கூட்டலும் சராசரியும் அச்சுப் பிசகாமல் சரி.

தேர்வாளர் அம்மாவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமலும் இருக்க முடியவில்லை. பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்த கூட்டத்திடம் சொன்னார்: "இவர் பாஸ். இவருக்கு இப்பவே சர்டிபிகேட் தரலாம். மத்தவங்க அடுத்த கோடைக்கு வரணும்."

அறையே கொதித்தது. "நான் மொதல் ஆளா முடிச்சேன் சார்!" என்று சரோஜா மேடம் மாதையன் சாரைப் பார்த்து ஒரு கத்து கத்தினார். வையாபுரி சார் கையைக் கட்டியபடியே தேர்வாளரை வராந்தாவுக்கு அழைத்துப்போனார். திரும்பி வந்து, மதியமே மறுதேர்வு என்றார். ஒரே நிபந்தனை: மறுதேர்வில் உட்காருபவருக்குக் காலையில் எழுதியது செல்லாது. மாதையன் சார் எழுத வேண்டியதில்லை, வாங்கிக்கொண்டு போகலாம்.

சான்றிதழ் மேசை மேல் இருந்தது. நான் மாதையன் சார் முகத்தையே பார்த்தேன். வாங்கிக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். காலையில் அவர் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேனே.

அவர் எழுந்து நின்றார். "நடத்தினவன் மட்டும் பாஸு, கேட்டவங்க எல்லாம் ஃபெயிலுன்னா அது என்னாங்க கிளாஸு? நானும் எழுதறேன்."

சரோஜா மேடம்தான் முதலில் மூக்கை உறிஞ்சினார்.

"ஒரே ஒரு வேண்டுகோள்ங்க. நின்னுக்கிட்டு எழுதலாங்களா?" என்றார் மாதையன் சார்.

நிற்கலாம் என்றார் தேர்வாளர். ஆனால் நின்றால் வாய் சும்மா இருக்காதே. முன்மேசையில் நின்று அவர் தொடங்கிய உடனே அந்தக் குரலில் விடை முழுவதும் அறைக்கே ஒலிபரப்பானது. எல்லோரும் நன்றியோடு அடித்துக்கொண்டிருந்தார்கள். தேர்வாளர் துள்ளி எழுந்தார். "வாய மூடினா அவருக்குக் கை ஓடாதுங்க" என்று வையாபுரி சார் எடுத்துச் சொல்லி, கணினியோடு அவரைப் பக்கத்து யு.பி.எஸ். அறைக்கு மாற்றினார். கண்காணிக்க நான். ஒரு மேசை, ஒரு கணினி, முனகும் பேட்டரிகள். எதிரே வெறும் சுவர். அந்தச் சுவருக்கு அவர் பாடம் நடத்தினார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பெயர்கள் முடிந்தன, மதிப்பெண்கள் முடிந்தன. கல்லூரி மதிப்பெண் பதிவேடு போலவே இருக்கட்டும் என்று கட்டங்களைச் சன்னமாகக் குறுக்கினார். கூட்டல் போட்டார். கூட்டல் வர வேண்டிய இடத்தில் எண்ணுக்குப் பதில் வேலிமுள் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் வந்து நின்றன.

குரல் நின்றது. கை மவுஸிலிருந்து எழுந்தது. கைக்குட்டை வெளியே வந்தது.

"கெட்டுப்போச்சுங்களா மேடம்?"

கட்டம் குறுகலாக இருக்கிறது, எண் உள்ளே அடங்கவில்லை, அவ்வளவுதான். ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். என் கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. தொட்டால் பஜ்ஜியோடு போகாது. அவர் தேர்வே போய்விடும். சொல்லவும் முடியாது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் தன்னால் ஆகாது என்று மறுபடி நம்பத் தொடங்குவது என் கண் முன்னால் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை.

சட்டென்று அவருக்கு எதிரே சுவரோரம் போய் நின்றேன். வலது கையைத் தூக்கினேன்.

"சார், டவுட்டு. அந்தக் கட்டத்துல ஏன் சார் எண் தெரியல?"

அவர் என்னைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. கைக்குட்டை பைக்குள் போனது.

"நல்ல கேள்வி. எல்லாரும் கவனிங்க" என்றார் சுவரைப் பார்த்து. "மத்த கட்டத்துலயெல்லாம் தெரியுது, இதுல மட்டும் தெரியல. என்ன காரணமா இருக்கும்? அங்கெல்லாம் ரெண்டு இலக்கம். இங்க மூனு இலக்கம். எடம் பத்தல! சின்ன வூட்ல பெரிய குடும்பம். ஆகவே என்ன செய்யறோம்? அகலப்படுத்தறோம்." கை தானாக ஓடியது. முட்கள் மறைந்து எண்கள் வந்தன. "புரிஞ்சுதாம்மா? உக்காரு."

உட்கார அங்கே நாற்காலி இல்லை. நான் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன், கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

பிறகு வையாபுரி சாரிடம் நடந்ததை அப்படியே சொல்லி, இது செல்லுமா என்று கேட்டேன். அவர் தேர்வாளரிடமும் என்னையே சொல்ல வைத்தார். அந்த அம்மா பேனாவைத் திறந்தார். "ஸ்டூடண்ட் சந்தேகம் கேட்டா வாத்தியார் பதில் சொல்லித்தானே ஆகணும். பதில் அவரோடதுதானே?" என்று கையெழுத்துப் போட்டார். முப்பது பேரும் அன்று பாஸ். கடைசி பஸ்ஸில் வத்தல்மலை அடிவாரத்துக்குப் போக வேண்டிய தாவரவியல்காரர்கூட இருந்து கைதட்டிவிட்டுத்தான் போனார்.

நேர்காணல் நடந்தது. உத்தரவு வருவதற்குள் கல்யாணம் நெருங்கிவிட்டதால், பத்திரிகையைப் பழையபடி உதவிப் பேராசிரியர் என்றே அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டார். ஆவணி பிறந்து ஒரு நாள் கல்லூரிக்கு வந்தார். உத்தரவு நேற்றுத்தான் கைக்கு வந்ததாம். இனி அச்சகத்தில் மறுபடி அடிக்க நேரமில்லை.

"நம்ம பேட்ச்சுக்கு மட்டும் இன்னும் குடுக்கலைங்க மேடம். ஒரு கம்ப்யூட்டர் வேணும்."

முன்மேசைக் கணினியைக் காட்டினேன். நின்றபடி, தனக்குத்தானே பாடம் நடத்திக்கொண்டே, பத்திரிகை முழுவதையும் அவரே அடித்தார். தன் பெயருக்குக் கீழே வந்ததும் மட்டும் குரல் நின்றது. இணைப் பேராசிரியர் என்பதைச் சத்தமில்லாமல், ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். நான் இடது தோளுக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் போட்டுத் தனித்தனிப் பத்திரிகை செய்தார். ஒவ்வொன்றுக்கும் அவரவர் பெயரையே வைத்துச் சேமித்தார். சரோஜா மேடத்தின் பெயர் முதலில். வையாபுரி சாரையும் சேர்த்துத் திரையில் முப்பது பெயர்கள் வரிசையாக நின்றன. ஒன்றை ஒன்று அழிக்கவில்லை. கடைசியாக 'நசீமா மேடம்' என்று அடித்துச் சேமித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா மேடம்? இப்ப கம்ப்யூட்டர் ஒன்னுமே கேக்கல."